சில்லு – ஆட்டக்களத்திலிருந்து கணினிக்குள்



சில மாதங்களுக்கு முன் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தையார் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். "டீச்சர், கணினிக்குள்ளே இருக்கிற சிப்பைச் 'சில்லு'ன்னு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. சிப்புன்னே சொல்லிட்டுப் போகலாமே? யாருக்கும் தெரியாத சொல்லை ஏன் பிள்ளைங்க தலையில ஏத்தணும்?" என்றார். அவர் கேட்டதில் குறும்பு இல்லை. மகளின் படிப்பின்மீது கொண்ட அக்கறையே இருந்தது. ஆகவே அவ்வினாவுக்கு இரண்டு வரியில் விடை சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் விடை நூலகத்தில் மட்டுமன்று, நாம் வாழும் பினாங்குத் தீவிலேயே கிடக்கிறது. அதனைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சாலையில் கேட்கும் சொல்

ஜார்ஜ்டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத பினாங்குத் தமிழர் இரார். 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்நகருக்கு முதன்முதலில் கட்டங் கட்டமாகத் தெருக்கள் வகுத்தபோது அதன் மேற்கு எல்லையாக அமைந்த சாலை இது. அந்நாளைய இங்கிலாந்துப் பிரதமர் வில்லியம் பிட் அவர்களின் பெயரால் 'பிட் வீதி' என்று நெடுங்காலம் வழங்கிற்று. 1801-ஆம் ஆண்டளவில் காதிர் முகைதீன் மரைக்காயர் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் முயற்சியால் எழுந்த பள்ளிவாசலே இன்று அச்சாலைக்குப் பெயராக நிற்கிறது. ஒரு முனையருகே 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இடையில் சீனர்களின் கருணைத் தேவி கோயில். குவீன் வீதியைப் பார்த்தவாறு 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம். 2008-இல் உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்த பகுதிக்குள் இவை யாவும் அடங்கும்.

இச்சாலையின் பெயரே சொற்கள் இடம் பெயர்வதற்குச் சான்று. 'கப்பித்தான்' என்பது போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். படைத் தலைவனையும் கப்பல் தலைவனையும் குறித்த அது, இங்கே ஓர் இனத்தாரின் ஊர்த்தலைவரைக் குறித்தது. 'கெலிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியர் அனைவரையும் சுட்டும் பெயராயிற்று. பின்னாளில் அதுவே நம்மைப் புண்படுத்தும் சொல்லாகவும் மாறியது. ஆக, ஒரு சொல் ஒரே பொருளோடு பிறந்து அப்பொருளோடே முடிவதில்லை.

இச்சாலையில் நாணய மாற்று வணிகம் நடத்திய தமிழ் முஸ்லிம் பெருமக்களின் கடைகள் பெயர்பெற்றவை. அக்கடைகளில் நாளெல்லாம் புழங்கிய சொல் 'சில்லறை'. பெரிய நோட்டைக் கொடுத்துச் சிறு நாணயமாக வாங்குவது சில்லறை மாற்றுவது. சிறிய அளவில் விற்பது சில்லறை வணிகம். 'சில்' என்னும் அடிச்சொல் சிறுமையையும் சிலவாதலையும் உணர்த்துவது. நம் கட்டுரைக்குரிய 'சில்லு'வும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பெரியதொன்றிலிருந்து உடைந்த அல்லது வெட்டிய சிறு துண்டு சில்லு. தேங்காயைக் கீறினால் தேங்காய்ச் சில்லு. பானை உடைந்தால் ஓட்டுச் சில்லு. முழங்காலின் முன்னே தட்டையாக இருக்கும் சிறு எலும்பு முழங்காற்சில்லு. இலங்கைத் தமிழர் ஒரு படி மேலே சென்று மிதிவண்டிச் சக்கரத்தையே சில்லு என்பர். வட்டமும் தட்டையுமான வடிவத்தை எண்ணி அவ்வாறு வழங்கினர் போலும்.

விளையாட்டில் சில்லு

நம் பாட்டிமாருக்குச் 'சில்லு' என்றவுடன் நினைவுக்கு வருவது பாண்டி ஆட்டம். நொண்டி, சில்லுக்கோடு என்றும் ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். மலாய்ப் பிள்ளைகள் இதனைத் தெங்-தெங் என்பர். மண்ணில் கோடு கீறிக் கட்டங்கள் அமைத்து, ஒரு கட்டத்தில் சில்லை எறிந்து, ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டிச் சென்று, காலாலேயே அதனைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். சில்லு கோட்டின்மேல் விழுந்தால் ஆட்டம் போயிற்று. கால் கோட்டைத் தொட்டாலும் போயிற்று. எல்லாக் கட்டங்களையும் கடந்தவள், இறுதியில் சில்லைத் தலைக்குப் பின்னால் எறிந்து, அது விழுந்த கட்டத்தைத் தன் மனையாக்கிக்கொள்வாள்.

ஆட்டத்தில் சில்லின் வேலை என்ன என்பதை ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அது வெறும் உடைந்த ஓடு. ஆனால் கட்டத்துக்குள் விழுந்தவுடன் அதற்குப் பொருள் வந்துவிடுகிறது. இவள் எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறாள், அடுத்து எங்கே கால் வைக்கக் கூடாது என்பதை அச்சிறு துண்டு சொல்கிறது. நிலையைக் குறிப்பதும் நினைவில் வைப்பதும் அதன் பணி. சிறுமியர் தத்தம் சில்லைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கனமாக இருந்தால் தள்ள வராது. இலேசாக இருந்தால் எறிந்த இடத்தில் நில்லாது உருளும். ஓரங்களைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கி, பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வர்.

இவ்வழக்கம் நேற்றைக்கு வந்ததன்று. தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வில், பானை ஓடுகளை உடைத்துத் தேய்த்து வட்டமாக்கிய ஆட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட நூல் அவற்றை விளையாட்டுப் பொருள்களின் வரிசையில் காட்டுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பிள்ளைகளும் ஓடு தேய்த்திருக்கிறார்கள்.

அதே காலத்துப் பானை ஓடுகள் வேறொரு பணியையும் செய்தன. பானைகளில் உரியவரின் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறி வைத்தனர். பானை உடைந்தது, பெயர் தாங்கிய சில்லு எஞ்சியது. எகிப்து நாட்டின் செங்கடல் துறைமுகமாகிய குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கண்ணன், சாத்தன் எனும் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. நமக்கு அண்மையிலேயே, தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள பூ காவ் தொங் என்னுமிடத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்த செய்தி 2006-இல் வெளிவந்தது. கடல் கடந்த தமிழரின் பெயரைச் சுமந்து வந்தவை இச்சில்லுகளே. செய்தியைத் தாங்கும் சிறு துண்டு என்னும் கருத்து கணினியோடு பிறந்ததன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

1972: பாயான் லெப்பாஸ்

இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸ் செல்வோம். 1960-களின் இறுதியில் பினாங்கு பெரும் இக்கட்டில் இருந்தது. தீவின் வாழ்வாதாரமாக இருந்த தீர்வையற்ற துறைமுகத் தகுதி பறிபோயிற்று. வணிகம் தளர்ந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1969-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற துன் லிம் சொங் இயூ, தொழிற்சாலைகளைக் கொண்டுவருவதே வழி எனத் துணிந்தார். அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1972-இல், அதுவரை நெல்வயல்களாகக் கிடந்த பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வணிக மண்டலம் உருவாயிற்று.

அதே 1972-இல் இண்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே நிறுவியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1971 நவம்பரில், அந்நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் அடங்கிய அத்துண்டு ஒரு சிறுவிரல் நகத்தினும் சிறியது. கணினியின் மூளையை ஒரே துண்டில் அடக்கிய அம்முயற்சியின் அடுத்த ஆண்டிலேயே பினாங்கு அத்தொழிலோடு இணைந்துவிட்டது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. 1975-இல் அத்தொழிற்சாலை தீக்கிரையானது; மீண்டும் எழுப்பப்பட்டது. ஹியூலெட்-பேக்கார்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் முதலிய நிறுவனங்களும் அக்காலத்தில் வந்தன. உலகில் நடைபெறும் சில்லுப் பொதிதல், சோதித்தல் பணிகளில் ஏறக்குறைய 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடைபெறுவதாக மதிப்பிடப்படுகிறது. அதில் பினாங்கின் பங்கு பெரிது.

ஏன் 'சில்லு' பொருந்துகிறது?

இனி அத்தொழிற்சாலைகளில் நடந்த வேலையைப் பார்ப்போம். மணலிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய சிலிக்கனை உருளையாக வளர்த்து, அதனை மெல்லிய வட்டத் தகடுகளாக அறுப்பர். ஒவ்வொரு தகட்டிலும் ஒரே மின்சுற்றைக் கட்டங் கட்டமாக நூற்றுக்கணக்கில் பதிப்பர். இவ்வளவும் அமெரிக்காவில் முடிந்து, தகடுகள் வானூர்தியில் பினாங்கு வந்து சேரும். இங்கே அத்தகட்டைத் துண்டுகளாக்குவர். அக்காலத்தில் வைர முனையால் கட்டங்களுக்கிடையே கோடு கீறி, அக்கோட்டின் வழியே உடைத்தெடுத்தனர். பின்னர் வைர வாளால் அறுக்கும் முறை வந்தது. உடைத்த ஒவ்வொரு துண்டையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, உறையிட்டுச் சோதித்து அனுப்புவர்.

கோடு கீறுதல், கட்டம், உடைத்த துண்டு! இவ்வேலையைத் தமிழில் சொல்லப் புகுந்தால் 'சில்லு' என்னும் சொல் தானாகவே வாயில் வந்து விழுகிறது. ஆங்கிலேயர் செய்ததும் இதுவே. 'சிப்' என்பது அவர்களுக்கு மரம் செதுக்கும்போது தெறிக்கும் துண்டு. வறுத்த உருளைக்கிழங்குச் சீவல். சூதாட்ட மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை. தச்சனிடமும் சமையற்கட்டிலும் விளையாட்டு மேசையிலும் கிடந்த சொல்லை எடுத்தே கணினிக்குச் சூட்டினர். வானத்திலிருந்து புதுச்சொல் எதையும் அவர்கள் இறக்குமதி செய்யவில்லை. நாம் ஓட்டாஞ்சில்லை எடுத்துச் சூட்டினால் மட்டும் அது 'யாருக்கும் தெரியாத சொல்' ஆவது எங்ஙனம்?

இங்கே ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'சில்லு' என்பதிலிருந்தே 'சிலிக்கன்' பிறந்தது என்று ஆர்வ மிகுதியால் சொல்வோர் உண்டு. அது சரியன்று. சிலிக்கன் என்பது தீத்தட்டிக் கல்லைக் குறிக்கும் 'சிலெக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஒலி ஒத்திருப்பதை உறவாகக் காட்டி மாணவர்க்குப் பொய்ப் பெருமை ஊட்ட வேண்டா. உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. பானை வனையும் களிமண்ணிலும் சிலிக்கன் உண்டு. கணினிச் சில்லுக்கு மூலமான மணலிலும் சிலிக்கன் உண்டு. நிலவுலகின் மேலோட்டில் ஆக்சிசனுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் தனிமம் அது. ஆகவே பாண்டி ஆடும் சில்லும் கணினிச் சில்லும் சொல்லளவில் மட்டுமன்றிப் பொருளளவிலும் உறவினரே. இதனை அறிவியல் பாடத்திலேயே சொல்லலாம்.

பெயரில்லாமல் கழிந்த காலம்

அத்தொழிற்சாலைகளில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கண்ணைப் பதித்துக் கம்பி இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் யாவரும் அதில் அடக்கம். தொழிற்சாலைப் பேருந்தில் இரவும் பகலும் மாறி மாறிச் சென்று வந்த அவர்களை 'மினா காரான்' என்று ஊரார் ஏளனமாக அழைத்தனர். மின்சாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அந்தக் 'காரான்'. வேலை செய்தவர்களுக்கு ஒரு கேலிப்பெயர் கிடைத்தது. அவர்கள் கையில் இருந்த பொருளுக்கோ நம் வீட்டு மொழியில் பெயர் கிடைக்கவில்லை. சிப், ஷிப்டு, கம்பெனி, சூப்பர்வைசர் என்ற சொற்களே வீட்டுக்கு வந்தன.

என் மாணவி ஒருத்தியின் பாட்டியார் 1970-களில் அப்படியொரு தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ஆங்கிலப் பெயர்கள் சிலவற்றைச் சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, "சின்னச் சின்ன ஓட்டுச் சில்லு மாதிரி இருக்கும் டீச்சர். வெறுங்கண்ணுக்குத் தூசிதான். அதுல கம்பி கோக்கணும்" என்றார். கலைச்சொல் அகராதி எதையும் புரட்டாதவர் அவர். சிறுவயதில் தோட்டத்து லயத்தின் முன்னே பாண்டி ஆடியவர். அதனால் அச்சொல் அவரிடம் இருந்தது. நம் பிள்ளைகளிடம் அது இருக்குமா என்பதே என் கவலை.

இக்கவலைக்குக் காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் நம் தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அதன்பின் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற பிள்ளைகளே இன்று இளம் பெற்றோர்களாக நம் முன் அமர்ந்திருக்கிறார்கள். அறிவியல் கலைச்சொற்கள் அவர்களுக்கு அன்னியமாகத் தோன்றினால் அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. 'சில்லு', 'நுண்சில்லு' என்று தமிழில் எழுதுவோர் எழுதத்தான் செய்கின்றனர். ஆயினும் எழுதப்பட்ட சொல் வேறு. வாயில் புழங்கும் சொல் வேறு.

அதைவிடப் பெரிய இழப்பு மற்றொன்று. பாண்டி ஆட்டமே பிள்ளைகளின் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் கோடு கீற மண் ஏது? ஆட்டம் போனால் ஓட்டாஞ்சில்லு போகும். ஓட்டாஞ்சில்லு போனால், 'கணினிச் சில்லு' என்பது பிள்ளைக்குப் பொருள் விளங்காத வெற்றொலியாகவே கேட்கும். அப்போது "ஏன் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டும்?" என்ற தந்தையாரின் வினா நியாயமாகிவிடும். கலைச்சொல்லை வாழவைப்பது அகராதியன்று. அச்சொல்லின் பழைய பொருளைக் கையால் தொட்ட அனுபவம். பழைய பொருளை இழந்தவனுக்குப் புதுப்பொருளும் ஒட்டாது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த அடிப்படைப் பாடம் ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. அதையே பின்பற்றி, நான்காம் ஆண்டு மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்று சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் வரைந்தேன். உடைந்த கூரை ஓட்டின் ஓரங்களை முன்கூட்டியே தேய்த்து மழுக்கி எடுத்துச் சென்றிருந்தேன். கூர்மையான துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தல் ஆகாது. அரைமணி நேரம் ஆடினோம். வகுப்புக்குத் திரும்பியதும், பழுதாகிப்போன பழைய கணினி ஒன்றின் சுற்றுப் பலகையைக் காட்டினேன். "இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு சிறு துண்டு இருக்கிறது. வட்டத் தகட்டில் கோடு கீறி உடைத்தெடுத்தது. அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?" என்று கேட்டேன். ஒருவன் 'துண்டு' என்றான். ஒருத்தி 'ஓடு' என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் 'சில்லு' என்றது. நான் அச்சொல்லைக் கற்பிக்கவில்லை. கையில் இருந்ததை அவர்களே எடுத்து வைத்தார்கள்.

'சிப்' என்னும் சொல்லை மறக்கச் சொல்லவில்லை. மலாய்மொழியில் 'சிப்' என்றே எழுதுவர்; ஆங்கிலத்திலும் அதுவே; மூன்றையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். ஆனால் அம்மூன்றில் ஒன்று மட்டுமே தேங்காயையும் பானையையும் பாண்டியையும் பாட்டியையும் கூடவே கொண்டுவருகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாணய மாற்றுக் கடையைக் காட்டிச் 'சில்லறை' என்ற சொல்லை விளக்குங்கள். வீடு திரும்பியதும் வாசலில் எட்டுக் கட்டம் போட்டு, சில்லை முதலில் நீங்கள் எறியுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ பாயான் லெப்பாசில் வேலை செய்த பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், அன்று அங்கே என்ன செய்தார்கள் என்று பிள்ளையையே தமிழில் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களைக் குறித்துவைத்து அடுத்த சந்திப்பில் என்னிடம் கொடுங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டுவோம்.